அளவை நூலும் சிந்தனைப் பொறியும்

திருக்கோணமலையிலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் வீதியில் உப்புவெளியைக் கடந்து சென்றால் எதிர்ப்படுவது சாம்பல்தீவு என்னும் ஊர். கடலும் களப்பும் அணைத்து நிற்கும் அவ்வூரில், அண்மையில் ஒரு மாலைப்பொழுதில், உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் சிலரோடு அளவையியற் பாடம் பற்றி உரையாடிக்கொண்டிருந்தோம். பேச்சு எவ்வாறோ 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 ஆம் நாள் நிகழ்ந்த ஆழிப்பேரலையின்பாற் சென்றது. மாணவர் அனைவரும் அந்நாளுக்குப் பின்னர்ப் பிறந்தவர்கள். அவருள் ஒருவர், “கடல் உள்வாங்கினால்தானே ஐயா நாங்கள் ஓடவேண்டும்? கடல் அசையாமல் இருந்தால் பயமில்லைத்தானே?” என்று வினவினார்.

“தம்பி, இதை எங்கே படித்தீர்?” என்றோம். அவர் தம் கைத்தொலைபேசியில் உரையாடற் பொறி ஒன்று எழுதியளித்த விடையைக் காட்டினார். கடல் திடீரென உள்வாங்கினால் ஆழிப்பேரலை வரக்கூடும், உடனே மேட்டுநிலம் நோக்கிச் செல்லவேண்டும் என்பதே அவ்விடையின் சாரம். பொறி எழுதியதிற் பிழை இல்லை. அதிலிருந்து மாணவர் தாமாகப் பெற்ற முடிவிலேதான் பிழை இருந்தது. அஃது உயிரைக் கொள்ளத்தக்க பிழை. அதனை ஆராயப் புகுந்தபோது எம் முன்னோர் கண்ட அளவை நூலும், இக்காலத்தார் ஆக்கிய சிந்தனைப் பொறியும் ஒரே வினாவை எதிர்கொண்டு நிற்பதைக் கண்டோம். அவ்வாராய்ச்சியையே கல்லூரியின் விழா மலருக்கு எமது சிறு காணிக்கையாக ஈண்டுத் தருகின்றோம்.

முன்னோர் கண்ட அளவை

நம் நாட்டில் உயர்தர வகுப்புக்கு ‘அளவையியலும் விஞ்ஞானமுறையும்’ என்றொரு பாடம் உண்டு. பாடத்தின் பெயரைக் கண்டு, இது மேனாட்டார் தந்த புதுக்கலை என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. பொருளை அளக்க நாழியும் கோலும் போல, அறிவை அளக்கும் கருவிக்கு ‘அளவை’ எனப் பெயரிட்டவர் தமிழரே. பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் தமது சிவஞான சித்தியாரில் அளவையை முதற்கண் வைத்தே பொருளாராய்ச்சியிற் புகுகின்றார். பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சிவஞான முனிவர் தருக்க சங்கிரகத்தை வடமொழியினின்று தமிழாக்கினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் அதனை அச்சிற் பதிப்பித்தார்.

இவற்றினும் பழையது மணிமேகலை. அதன் இருபத்தொன்பதாவது காதையில் அறவண அடிகள் காஞ்சி மாநகரில் மணிமேகலைக்கு அளவை நூல் கற்பிக்கின்றார். பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றை விளக்கியபின், அவற்றின் போலிகளைக் கூறுகின்றார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என அவை விரியும். ஒரு காப்பியத் தலைவி, துறவு பூண்டு முதற்கண் கேட்ட பாடம் பிழையான நியாயங்களின் அட்டவணை என்பது சிந்திக்கத்தக்கது. மெய்யை நாடுவோர் பொய்யின் வடிவங்களை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும் என்பது அந்நூலாரின் கருத்துப் போலும்.

மலையிற் புகை தோன்றக் கண்டு அங்கே தீ உண்டு எனத் துணிதல் அனுமானத்துக்கு வழிவழியாகக் காட்டும் உதாரணம். புகையுள்ள இடமெல்லாம் தீயும் உண்டு. ஆதலின் புகை நல்ல ஏது. இனி, இதனைத் திருப்பி, தீயுள்ள இடமெல்லாம் புகையும் உண்டு எனலாமோ? ஆகாது. உலையிற் காய்ச்சிய இரும்பில் தீயுண்டு, புகையில்லை. ஈரவிறகு சேர்ந்தபோதே தீயினின்று புகை எழும். இவ்வாறு இடையே மறைந்துநிற்கும் நிபந்தனையை நையாயிகர் ‘உபாதி’ என்றனர்.

ஓர் இடைச்சொல் செய்யும் வேலை

இப்பொழுது அம்மாணவரின் வாதத்துக்கு வருவோம். பொறி கூறிய விதி: ‘கடல் உள்வாங்கினால் ஆபத்து உண்டு.’ இதில் ‘கடல் உள்வாங்கினால்’ என்பது முற்கூறு. ‘ஆபத்து உண்டு’ என்பது பிற்கூறு. இத்தகைய விதி ஒன்றைக்கொண்டு நால்வகையாக வாதிக்கலாம்.

முதலாவது: கடல் உள்வாங்கியது; ஆகவே ஆபத்து உண்டு. இது வாய்ப்புடைய வாதம்.

இரண்டாவது: ஆபத்து இல்லை, ஆகவே கடல் உள்வாங்கவில்லை. இதுவும் வாய்ப்புடையது.

மூன்றாவது: ஆபத்து உண்டு, ஆகவே கடல் உள்வாங்கியிருக்கும். இது வாய்ப்பற்றது.

நான்காவது: கடல் உள்வாங்கவில்லை; ஆகவே ஆபத்து இல்லை. இதுவும் வாய்ப்பற்றது.

மாணவர் கூறியது நான்காவது வாதம். அவர் அங்கு வந்து சேர்ந்த வழியை அவர் வாக்கியமே காட்டுகின்றது. ‘உள்வாங்கினால்’ என்று பொறி எழுதியதை அவர் ‘உள்வாங்கினால்தான்’ என்று வாசித்துவிட்டார். ‘தான்’ என்னும் அவ்வோர் இடைச்சொல் விதியைத் தலைகீழாகத் திருப்பிவிடுகின்றது. ‘ஆல்’ என்பது ஒரு வாயிலைத் திறக்கும். ‘ஆல்தான்’ என்பது ஏனைய வாயில்களையெல்லாம் அடைக்கும். அன்றாடப் பேச்சில் இவ்விரண்டையும் நாம் கலந்தே வழங்குகின்றோம். ‘படித்தால் மிட்டாய் தருவேன்’ என்று தாய் கூறினால், படியாவிட்டால் தரமாட்டாள் என்று பிள்ளை தானாகவே விளங்கிக்கொள்கின்றது. வீட்டில் அதனால் தீங்கில்லை. கடற்கரையிலோ தீங்குண்டு.

ஏனெனில், 2004 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது இது. சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் 9.1 அளவினதான நிலநடுக்கம் உண்டாயிற்று. பிளவின் கிழக்கே தாய்லாந்துப் பக்கம் அலையின் தாழ்ந்த பகுதி முதலிற் சென்றது. அங்கே கரைகளிற் கடல் முன்னரே உள்வாங்கிற்று. மேற்கே இலங்கைப் பக்கம் அலையின் உயர்ந்த பகுதியே முதலில் வந்தது. ஏறத்தாழ இரண்டு மணிநேரத்துள் நம் கிழக்குக் கரையை அடைந்த நீர், முதலில் விலகி எச்சரிக்காமலே மேலெழுந்து வந்தது. இலங்கையில் உயிரிழந்தோர் 30,000 இற்கு மேற்பட்டோர்.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெற்றுத் தீவிலே, பத்து வயதினளான டில்லி சிமித் என்னும் ஆங்கிலச் சிறுமி, கடல் நுரைத்து விலகுவதைக் கண்டு, இரு கிழமைகளுக்கு முன் வகுப்பிற் படித்த புவியியற் பாடத்தை நினைவுகூர்ந்தாள். பெற்றோரிடம் சொல்லி மாய்காவோ என்னும் கடற்கரையிலிருந்தோரை அகலச் செய்தாள். பலர் உயிர்பிழைத்தனர். அவள் செய்தது முதலாவது வாதம், வாய்ப்புடையது. ஆனால் அதே பாடத்தை நான்காவது வாதமாகத் திருப்பிக்கொண்டு ஒருவர் நம் கரையில் நின்றிருப்பாராயின், கல்வியே அவருக்குக் கூற்றமாய் முடிந்திருக்கும்.

‘கடல் உள்வாங்காமை’ என்னும் ஏது, ஆழிப்பேரலை வரும் நாளிலும் காணப்படும். வராத நாளிலும் காணப்படும். இருபக்கத்துக்கும் பொதுவான ஏது ஒன்றையும் நிறுவாது. அறவண அடிகள் இதற்குச் ‘சாதாரண அநைகாந்திகம்’ எனப் பெயர் கூறினார். பெயர் கடினமெனினும், பொருள் நம் வீட்டுவாயிலில் நிற்கின்றது.

பொறி நியாயம் கற்ற வரலாறு

மனிதர் தடுமாறும் இடத்திற் பொறி தடுமாறாதிருக்கச் செய்ய இயலுமோ என்னும் எண்ணம் பழையது. 1854 இல் ஜோர்ஜ் பூல் சிந்தனையின் விதிகளை இயற்கணிதமாக எழுதிக் காட்டினார். 1879 இல் பிரேகே என்னும் செருமானியர், ‘எல்லாம்’, ‘சில’ என்னும் சொற்களின் தருக்கத்தையும் குறியீட்டில் அமைத்தார். 1956 ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவிலுள்ள டாட்மத் கல்லூரியில் அறிஞர் சிலர் கூடினர். செயற்கை நுண்ணறிவு என்னும் துறைப்பெயர் அக்கூட்டத்துக்கென முன்னாண்டில் எழுதப்பட்ட விண்ணப்பத்திலேயே வழங்கப்பட்டது. அலன் நியூவெல், ஹேர்பேட் சைமன், கிளிஃப் ஷோ ஆகிய மூவர் ஆக்கிய செய்நிரல் ஒன்று, இரசலும் வைட்கெட்டும் இயற்றிய கணிதப் பெருநூலின் இரண்டாம் அதிகாரத்து முதல் 52 தேற்றங்களுள் 38 ஐ நிறுவிற்று.

1958 இல் யோன் மக்கார்த்தி இங்கிலாந்திலுள்ள தெடிங்டனில் நடந்த மாநாட்டில் ஒரு கருத்தை வெளியிட்டார். உலகியலறிவை வாக்கியங்களாகப் பொறிக்குள் இட்டுவைத்தால், பொறி அவற்றினின்று தருக்கமுறையால் வேண்டிய முடிவுகளைத் தானே பெறும் என்பது அது. 1965 இல் ரொபின்சன் என்பவர், கணினிக்கேற்ற ஒரே விதியால் நிறுவல் செய்யும் முறையைக் கண்டார். நிறுவவேண்டியதை முதலில் மறுத்துவைத்து, அம்மறுப்பு முரண்பாட்டிற் சென்று முடிவதைக் காட்டுதல் அம்முறையின் உட்கிடை. ‘தீயில்லையாயின் புகையும் இல்லையாதல் வேண்டும், புகையோ உளது’ என்று நையாயிகர் வாதித்ததும் இவ்வகையே, அவர் இதற்கே ‘தருக்கம்’ என்று பெயரிட்டனர். 1972 அளவில் பிரான்சின் மார்செய் நகரில் அலன் கொல்மறோவர் என்பவரும் தோழரும் புறோலொக் என்னும் தருக்கமொழியை ஆக்கினர். 1982 இல் யப்பான் அரசு தருக்கச் செய்நிரலை அடிப்படையாகக்கொண்டு ஐந்தாம் தலைமுறைக் கணினித் திட்டத்தைத் தொடங்கிற்று; பெருநம்பிக்கையுடன் தொடங்கிய அத்திட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை.

தடை எங்கே இருந்தது? கணிதத்தில் ஒருமுறை நிறுவியது என்றும் நிற்கும். எத்தனை புதுச்செய்தி சேர்ந்தாலும் பழைய முடிவு அழியாது. உலகியலோ அவ்வாறன்று. ‘பறவை பறக்கும்’ என்கின்றோம். அது தீக்கோழி என்று அறிந்ததும் முடிவை மீட்டுக்கொள்கின்றோம். விதிவிலக்குகளை முற்றாக எழுதி முடித்தல் எவர்க்கும் இயலாது. தமிழிலக்கணம் கற்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. நூலார் பொதுவிதி வகுத்து, சிறப்புவிதியால் அதனை விலக்கி, எஞ்சியவற்றை அடக்கப் புறனடைச் சூத்திரம் ஒன்றும் வைத்தனர். 1980 இல் மக்கார்த்தி, ரெயிட்டர், மக்டேமட், டோயில் முதலியோர் வெளியிட்ட ஆய்வுகள் இத்தகைய ‘மீட்டுக்கொள்ளத்தக்க நியாயத்துக்கு’ முறையான விதிகளை வகுத்தன. அவற்றைப் புறனடைத் தருக்கம் என்று தமிழில் வழங்கினாற் பொருந்தும்.

ஒரு துறைமுகப் பட்டினத்துப் பட்டறை

1988 இல் பிரான்சின் வடமேற்கே, பிரித்தானிக் கரையிலுள்ள ரொஸ்கொவ் என்னும் சிறு துறைமுகப் பட்டினத்தில், ஐரோப்பிய அறிஞர் ஒரு பட்டறை கூட்டினர். செயற்கை நுண்ணறிவில் தருக்கம் என்பதே அதன் பொருள். அஃது ஈராண்டுக்கு ஒருமுறை அம்ஸ்ரடாம், பேர்லின், யோர்க் என ஊர்தோறும் கூடி, மாநாடாக வளர்ந்தது. 2023 இல் செருமனியின் திரெஸ்டன் நகரிற் கூடிற்று. நம் பக்கத்திலும் இம்முயற்சி இல்லாமற் போகவில்லை. தருக்கமும் அதன் பயன்பாடுகளும் பற்றிய மூன்றாவது இந்திய மாநாடு 2009 ஆம் ஆண்டு சனவரி 7 முதல் 11 வரை சென்னையில் நடைபெற்றது. அதன் கட்டுரைத் தொகுதியை இராமானுஜம், சுந்தர் சருக்கை ஆகியோர் பதிப்பித்தனர். இந்தியத் தருக்க மரபையும் ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்வது இம்மாநாட்டு வரிசையின் சிறப்பு.

பட்டறை என்பதற்குக் கொல்லன் தொழிற்களம் என்பதே நாம் அறிந்த பொருள். அப்பெயர் இவ்வகைக் கூட்டங்களுக்கும் ஏற்றதே. ஒருவர் தம் கருத்தை வைப்பர், மற்றவர் அதனை அடித்துப் பார்ப்பர், உடையாதது நிற்கும். சிவஞான சித்தியார் பரபக்கம் என்றும் சுபக்கம் என்றும் பகுக்கப்பட்டமையை நினைவுகூர்க. பிறர் கொள்கையைக் கூறி ஆராய்ந்தபின்னரே தம் கொள்கையை நிறுவுதல் நம் மரபு. 1995 இல் பாங்கொக்கிற் பணியாற்றிய வியற்னாமிய அறிஞர் யுங் என்பவர் இதனையே பொறிக்குரிய கணிதமாக்கினார். ஒரு வாதத்தைத் தாக்கும் வாதங்கள் யாவை, அவற்றைத் தாக்கி முன்னையதைக் காப்பன யாவை என்று வரைந்து, இறுதியில் எவை ஏற்கத்தக்கன என்பதைப் பொறியே கணிக்க அவர் வழிகண்டார்.

மீட்டுக்கொண்ட முடிவு பிழையாகுமோ?

புறனடைத் தருக்கத்துக்கு நம் கடற்கரையிலேயே ஒரு சான்றுண்டு. 2012 ஆம் ஆண்டு ஏப்பிரல் 11 ஆம் நாள் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 அளவினதான நிலநடுக்கம் உண்டாயிற்று. இந்துமாகடல் எங்கும் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இலங்கைக் கரையோர மக்களும் உள்நாடு நோக்கிப் பெயர்ந்தனர். சில மணிநேரத்தின் பின் எச்சரிக்கை நீக்கப்பட்டது. பேரலை வரவில்லை. அந்நடுக்கத்திற் கடற்றளம் பெரும்பாலும் பக்கவாட்டில் நகர்ந்ததேயன்றி, நீரைத் தூக்கும் அளவுக்கு மேலுங்கீழும் நகரவில்லை.

“வீணாக ஓடவைத்தார்கள்” என்று அன்று முறையிட்டோர் உண்டு. தருக்கநோக்கில் அம்முறைப்பாடு பொருந்தாது. நடுக்கத்தின் அளவும் இடமும் மட்டும் தெரிந்தபோது ஆபத்து உண்டு என முடிவு செய்தது தக்கதே. நகர்ந்த திசையும் கடல்மட்ட அளவீடுகளும் தெரிந்தபோது அம்முடிவை மீட்டுக்கொண்டதும் தக்கதே. முதல் முடிவு பொய்யாயிற்று. ஆயினும் அதனை அடைந்த நியாயம் பிழையன்று. இவ்வேறுபாட்டை உணராத ஊர், அடுத்த எச்சரிக்கையைக் கேட்டுச் சிரிக்கும். ஆதலின் இஃது அறிஞர் பட்டறைக்குள் மட்டும் அடங்கும் நுட்பமன்று. கரையோரத்தார் ஒவ்வொருவரும் அறியவேண்டிய பாடம்.

இன்றைய பொறிகள்

இன்று மாணவர் கையிலுள்ள உரையாடற் பொறிகள் மக்கார்த்தி எண்ணிய வழியில் ஆக்கப்பட்டவை அல்ல. அளவிறந்த எழுத்துக்களைப் பயின்று, எச்சொல்லின் பின் எச்சொல் வருதல் இயல்பு என்பதைக் கற்றவை அவை. ஆதலின் அவை இனிதாக எழுதும். பெரும்பாலும் சரியாகவும் எழுதும். சிலவேளை பிழையையும் அதே இனிமையோடு எழுதும். நம் பேச்சில் ‘ஆல்’ உம் ‘ஆல்தான்’ உம் கலந்து கிடந்தால், நம் எழுத்தைப் பயின்ற பொறியும் அக்கலப்பைக் கற்றிருத்தல் கூடும்.

இதற்கு மருந்தாகச் சொற்பயிற்சியையும் தருக்கத்தையும் இணைக்க முயல்கின்றனர். 2024 இல் கூகிள் நிறுவனத்தின் டீப்மைண்ட் பிரிவினர் ஆக்கிய இரு பொறிகள், அவ்வாண்டு உலகக் கணித ஒலிம்பியாட்டின் ஆறு வினாக்களுள் நான்கைத் தீர்த்து, 42 புள்ளிகளில் 28 பெற்று, வெள்ளிப் பதக்கத்துக்குரிய தரத்தை எட்டின. அவற்றுள் ஒன்று தன் நிறுவல்களை ‘லீன்’ என்னும் முறைமொழியில் எழுதிற்று. அம்மொழியில் எழுதிய நிறுவலின் ஒவ்வொரு படியையும் கணினி பரிசோதிக்கும்; ஒரு படி தவறினும் ஏற்காது. ஊகிப்பது ஒரு கருவி. ஒறுத்துச் சோதிப்பது மற்றொரு கருவி. இரண்டும் சேர்ந்தபோதே நம்பத்தக்க விடை பிறந்தது.

மாணவர்க்கு

நம் கல்லூரியில் அதிபராய் அமர்ந்து பணிசெய்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர். 1936 இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிப் புதுக்கலைகளுக்குத் தமிழ்ச்சொல் வகுக்க உழைத்தவர். அவர் வழிவந்த நாம், பொறி தரும் விடையை வெறுக்கவும் வேண்டியதில்லை, வணங்கவும் வேண்டியதில்லை. விடை கிடைத்ததும் மூன்று வினாக்களைக் கேட்போமாக. இதற்கு ஏது என்ன? அவ்வேது எதிர்ப்பக்கத்திலும் காணப்படுமா? இவ்விதிக்குப் புறனடை யாது?

பயிற்சிக்காக மூன்று வாதங்களை ஈண்டு வைக்கின்றோம்.

1. முகத்துவாரம் திறந்தால் களப்பு நீர் குறையும். களப்பு நீர் குறைந்துள்ளது. ஆகவே முகத்துவாரம் திறந்துள்ளது.

2. படித்தவர்தான் சித்தியடைவர். கந்தன் படித்தான். ஆகவே கந்தன் சித்தியடைவான்.

3. எச்சரிக்கை பின்னர் நீக்கப்பட்டது. ஆகவே எச்சரிக்கை விடுத்தது தவறு.

மூன்றும் வாய்ப்பற்றவை. ஏன் என்பதை ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுதலை உதாரணம் காட்டி மாணவர் தாமே எழுதுக. பழைய மாணவர்கள் தம் பிள்ளைகளோடு அமர்ந்து இதனைச் செய்தால், அதுவும் ஒரு பட்டறையே.

சாம்பல்தீவு மாணவரோடு அன்று மாலை இவ்வளவும் பேசி முடித்தபோது இருட்டிவிட்டது. எழுந்து செல்லுமுன் அவர் தம் குறிப்பேட்டைக் காட்டினார். முன்னர் எழுதியிருந்த வாக்கியத்தில் ‘தான்’ என்பதை வெட்டி, அதன்கீழ் வேறொரு வாக்கியம் எழுதியிருந்தார்: ‘கடல் உள்வாங்கினாலும் ஓடுக, உள்வாங்காமல் உயர்ந்தாலும் ஓடுக, நிலம் நீண்டநேரம் நடுங்கினாலும், கடல் இரைந்தாலும் ஓடுக, இவை ஒன்றும் இல்லாதபோதும், எச்சரிக்கை வந்தால் ஓடுக.’

‘தான்’ நின்ற இடத்தில் ‘உம்’ வந்துவிட்டது. அளவை நூல் கற்றதன் பயன் அதுவே என்று யாம் மகிழ்ந்தோம்.